காசிமேட்டு ஏலமும் பழவேற்காட்டுப் பூநாரையும்: எந்த கேமரா?

தண்டையார்பேட்டையிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். விடிவதற்கு முன்னால் காசிமேடு துறைமுகத்தில் நடக்கும் மீன் ஏலத்தைப் படம் எடுக்க வேண்டும். சீசனில் பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளையும் விட மனமில்லை. பர்மா பஜாரில் பழைய கேமராக்கள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார், இரண்டும் கேனான். ஒன்று 2016இல் வெளிவந்த பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 2, மற்றது 2018இல் வந்த பவர்ஷாட் எஸ்எக்ஸ் 740 எச்எஸ். "ரெண்டுமே 20 மெகாபிக்சல்தான் சார். ஒண்ணுல 40 மடங்கு ஜூம், இன்னொண்ணுல நாலு மடங்குதான். அப்புறம் எதுக்கு ஜூம் கம்மியா இருக்கறதுக்குப் போய் விலை ஜாஸ்தி சொல்றாங்க?"

நாலு மடங்கு ஜூம் ஜி7 எக்ஸில், விலை ஜாஸ்தியும் அதற்குத்தான். ஆனால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. விலைக்கான காரணம் லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிப்பதற்கு முன் கேமராவுக்குள் ஒளிக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துவிடலாம்.

பள்ளியில் படித்ததுதான். ஒளி தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னார். ஃபோட்டான் என்ற பெயர் அவற்றுக்குப் பின்னால் வந்தது. லென்ஸ் அவற்றைக் குவித்து, உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லின் மேல் விழச் செய்கிறது. அந்தச் சில்லுதான் சென்சார். ஒரு ஃபோட்டான் சிலிக்கானில் சரியாக மோதினால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். சென்சாரின் ஒவ்வொரு கட்டமும், அதாவது ஒவ்வொரு பிக்சலும், தன்னிடம் சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணிச் சொல்கிறது. நிறம் பிரிப்பதற்கு மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். இதற்கு கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்றார். அவ்வளவுதான் டிஜிட்டல் கேமரா. ஒளியை எண்ணும் கருவி.

எண்ணுவதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

மொட்டைமாடியில் சிவப்புத் தட்டோடு பதித்த வீடு என்றால், தூறல் தொடங்கும் முதல் சில நொடிகள் தரையைப் பாருங்கள். ஒரு தட்டோட்டில் இரண்டு துளி. பக்கத்தில் ஐந்து. அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. எல்லாம் ஒரே அளவுதான், மேகமும் ஒன்றேதான். ஆனாலும் எங்கே எத்தனை விழும் என்பது தற்செயல். கொஞ்ச நேரம் பெய்யட்டும். ஒன்றில் 980, இன்னொன்றில் 1,020 என்று ஆகிவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, தரை முழுக்க ஒரே ஈரமாக இருக்கும்.

ஃபோட்டான்களும் இப்படித்தான் விழுகின்றன. ஏலக் கூடத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. அதன் பக்கச் சுவர் முழுக்க ஒரே வெள்ளை, ஒரே விளக்கின் வெளிச்சம். அந்தச் சுவரைப் பார்க்கும் ஆயிரம் பிக்சல்களும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்லாது. ஒன்று 21 என்னும், அடுத்தது 30 என்னும், அதற்கடுத்தது 24. இந்தத் தடுமாற்றத்தின் அளவை பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவசோனின் பெயரில் வழங்கும் ஒரு விதி சொல்கிறது: சராசரியாக எத்தனை விழுகிறதோ அதன் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கம். சராசரி 25 என்றால் முன்பின் 5. அது 20 சதவீதப் பிழை. சராசரி 100 என்றால் முன்பின் 10, அதாவது 10 சதவீதம். 10,000 என்றால் முன்பின் 100, வெறும் 1 சதவீதம். ஒளி கூடக் கூடத் தடுமாற்றத்தின் எண்ணிக்கை கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒளியோடு ஒப்பிட்டால் அது தேய்ந்துகொண்டே போகிறது.

இருட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, போட்டோகிராஃபர்கள் 'நாய்ஸ்' என்பார்களே, அதில் பெரும்பங்கு இதுதான். எல்லாரும் மட்டமான கேமரா என்று திட்டுகிறார்கள். துளி குறையும் இல்லாத ஒரு சென்சாரை நாளைக்கே யாராவது செய்தாலும் இந்தப் புள்ளிகள் இருக்கும், ஏனென்றால் இது ஒளியின் குணம். ஒளி துண்டு துண்டாக வருகிறது என்பதை ஆய்வகம் எதுவும் இல்லாமல் நம் கையில் இருக்கும் கேமராவின் திரையிலேயே பார்க்க முடிகிறது. எனக்கு இதில் இருக்கும் கிறக்கம் இன்னும் தீரவில்லை. வீட்டில் யாராவது மங்கலான கல்யாணப் படத்தைக் காட்டி முகம் சுளித்தால், நான் முகத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த இரண்டு கேமராக்கள். எஸ்எக்ஸ் 740இன் சென்சார் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். ஜி7 எக்ஸில் இருப்பது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். '1 இன்ச் சென்சார்' என்று விற்கிறார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டக் கணக்கை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள், அதை விடுங்கள். பரப்பில் ஜி7 எக்ஸின் சென்சார் எஸ்எக்ஸ் 740இனுடையதைப் போல நான்கு மடங்கு. இரண்டிலும் பிக்சல் எண்ணிக்கை ஏறத்தாழ சமம் என்பதால், ஜி7 எக்ஸின் ஒவ்வொரு பிக்சலும் நான்கு மடங்கு பெரிய தட்டோடு.

அது பாதிக் கதை. மீதி லென்ஸ் வளையத்தில் இருக்கிறது. எஸ்எக்ஸ் 740இல் '4.3-172.0 மி.மீ., 1:3.3-6.9' என்ற எண்கள். ஜி7 எக்ஸில் '8.8-36.8 மி.மீ., 1:1.8-2.8'. முதல் ஜோடி குவியத் தூரம், இரண்டாவது ஜோடி எஃப் எண். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் ஜூம் போடாத நிலைக்கு, அடுத்தது முழு ஜூமுக்கு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். ஜூம் போடாத நிலையில் இரண்டு கேமராவும் ஒரே அகலக் காட்சியைத்தான் காட்டும். அப்போது ஜி7 எக்ஸின் துளை 8.8 ÷ 1.8, அதாவது ஏறத்தாழ 4.9 மில்லிமீட்டர். எஸ்எக்ஸ் 740க்கு 4.3 ÷ 3.3, வெறும் 1.3 மில்லிமீட்டர். விட்டத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள். அதே ஏலக் கூடம், அதே ஷட்டர் வேகம் (அதாவது ஒளி உள்ளே வர விடும் நேரம்), ஆனால் உள்ளே வரும் ஒளியில் 13, 14 மடங்கு வித்தியாசம்.

எஸ்எக்ஸ் 740இன் பிக்சலில் 25 ஃபோட்டான் சேர்ந்த நேரத்தில் ஜி7 எக்ஸின் பிக்சலில் 340 சேரும். 25க்கு 20 சதவீதத் தடுமாற்றம் என்று பார்த்தோம். 340க்கு ஐந்தரை சதவீதம்தான். கூடுதல் விலை இதற்குத்தான்.

ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் போதாதா? கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடுகிறவர் உங்களுக்காக நிற்க மாட்டார். ஐஎஸ்ஓவை ஏற்றினால்? ஐஎஸ்ஓ என்பது வந்து சேர்ந்த கணக்கைப் பெருக்கிக் காட்டும் வேலை. 25ஐப் பெருக்கும்போது அதன் தடுமாற்றத்தையும் சேர்த்தே பெருக்கும், ஒரு ஃபோட்டானைக்கூடப் புதிதாகக் கொண்டுவராது. கேமராவே நாய்ஸைத் துடைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்து மெழுகிவிடும், சங்கரா மீனின் செதில்களையும் சேர்த்து. செல்போனின் இரவுப் பயன்முறை பல படங்களை அடுக்கிச் சேர்க்கிறது. ஒன்பது படம் சேர்த்தால் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்கு, அதே வர்க்கமூலம்தான். அசையாத கட்டடத்துக்கு அது அருமை. ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை ராத்திரியில் எடுக்கப் போனால் போனே போதும்.

ஃபிளாஷ் போடலாமே என்றால், சிறிய கேமராவின் ஃபிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. ஈர மீனில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசும், ஏலம் விடுகிறவரும் திட்டுவார். இன்னொன்றும் நடக்கும். படத்தில் அங்கங்கே வெளிர் வட்டங்கள் மிதக்கும். சிறிய கேமராக்களில் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால், லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியும் நீர்த்திவலையும் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்பி, ஃபோகஸ் இல்லாமல் வட்டமாகப் பதிகின்றன. திருவிழாப் படங்களில் இந்த வட்டங்களைச் சுற்றிக் கோடு போட்டு 'ஆத்மா வந்தது பாரீர்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒரு பழைய தலையணையைத் தட்டிவிட்டு ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள், வேண்டிய அளவுக்கு ஆத்மா கிடைக்கும்.

எரிச்சலோடு எரிச்சலாக இன்னொன்று. முதல் தலைமுறை சென்சாரான சிசிடி, 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கணினி நினைவகத்துக்கு வழி தேடிய பேச்சில் பிறந்தது. அதற்கு 2009இல் நோபல் கிடைத்தது. இப்போது எல்லா போனிலும், இந்த இரண்டு கேமராக்களிலும் இருக்கும் சிமாஸ் வகை சென்சார், 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர் விண்கலக் கேமராவைச் சிறிதாக்க முயன்றபோது உருவெடுத்தது. செல்ஃபி எடுக்கலாம் என்று யாரும் நிதி கேட்கவில்லை. 'இதனால் நேரடிப் பயன் என்ன?' என்ற கேள்வியோடு ஆராய்ச்சி விண்ணப்பங்களை மடக்கி வைக்கும் நம் ஊர்க் குழுக்கள், அந்தக் கேள்வியை போனில்தான் தட்டச்சு செய்கின்றன.

பழவேற்காட்டுக்கு வருவோம், அங்கே கணக்கு தலைகீழ். முழு ஜூமில் எஸ்எக்ஸ் 740இன் துளை 172 ÷ 6.9, ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். ஜி7 எக்ஸ் தன் முழு ஜூமில் 36.8 ÷ 2.8, அதாவது 13 மில்லிமீட்டர். தூரத்தில் நிற்கும் ஒரே பூநாரையிடமிருந்து எஸ்எக்ஸ் மூன்றரை மடங்கு அதிக ஒளி வாங்குகிறது. அதோடு ஜி7 எக்ஸ் படத்தை அதே அளவு காட்சிக்கு வெட்டினால், 20 மெகாபிக்சலில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பிக்சல்தான் மிஞ்சும். பறவை இளஞ்சிவப்புத் தீற்றலாக இருக்கும்.

ஆனால் எஸ்எக்ஸின் 20 மெகாபிக்சலையும் முழுசாக நம்ப வேண்டாம். ஒளி துளையின் விளிம்பில் வளைவதால் ஒரு புள்ளி ஒருபோதும் புள்ளியாக விழாது, சிறு வட்டமாகத்தான் விழும். எஃப் எண் 6.9இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம். இந்த கேமராவின் பிக்சல் 1.2 மைக்ரான். ஒரு புள்ளியின் ஒளி ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. நண்பகலில் ஏரி மேல் அலையும் சூட்டுக் காற்று மிச்சக் கூர்மையையும் தின்றுவிடும், காலையிலேயே போய்விடுங்கள். அப்படியும் பறவையின் கழுத்து வளைவும் அலகின் கறுப்பும் தெளிவாகவே வரும்.

ஆக, தங்கையே, வாரத்தில் எத்தனை நாள் காசிமேடு, எத்தனை நாள் பழவேற்காடு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நான் என்றால் ஜி7 எக்ஸ்தான். துறைமுகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, பூநாரை சீசனுக்கு மட்டும்தான் வரும். பறவைதான் உயிர் என்றால் காசை மிச்சம் பிடித்து எஸ்எக்ஸை வாங்குங்கள், குறை ஒன்றுமில்லை.

எதுவானாலும் பழைய கேமரா என்பதால் கடையிலேயே ஒரு சோதனை. லென்ஸைக் கையால் நன்றாக மூடி, ஷட்டரைப் பத்துப் பதினைந்து நொடி திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். ஒளியே இல்லாவிட்டாலும் சூட்டினால் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் விடுபடும், குறையுள்ள பிக்சல்களில் அது அதிகம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பும் நீலமுமாகச் சில புள்ளிகள் மின்னலாம், அது சகஜம். திரை முழுக்க மின்னினால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.