கேஸ் போடச் சொல்வதற்கு முன்னால் அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் என் போனில் தினமும் வரும் கேள்வி இது: "சார், ஏசி ஓடுது, கூலிங்கே இல்ல. கரண்ட் பில் மட்டும் டபுளா வருது. கேஸ் போட்டுடலாமா?" பதினெட்டு வருடமாகச் சென்னையில் ஏசி சர்வீஸ் செய்கிறேன். அப்படிக் கூப்பிட்டுப் போன வீடுகளில் பாதிக்கு மேல் கேஸ் சரியாகவே இருந்தது. காற்றுதான் எங்கோ அடைபட்டிருந்தது.

போன மே மாதம் திருவான்மியூரில் ஒரு வீடு. அம்மாவின் அறையில் ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வசதி இல்லாத பழைய மாடல். 18-ல் வைத்தும் ராத்திரி முழுக்கக் கம்ப்ரஸர் நிற்கவில்லை என்றார் மகன். ஏற்கெனவே ஒருவர் வந்து, கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றிவிட்டுப் பணமும் வாங்கிப் போயிருந்தார். அவுட்டோர் யூனிட் எங்கே என்று கேட்டேன். பின்பக்க பால்கனியில், மழை படக்கூடாதென்று நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முன்னால் துணிக்கொடி வேறு. தார்ப்பாயை விலக்கியதும் குக்கர் மூடியைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. தான் வெளியே தள்ளிய சூட்டையே அந்த யூனிட் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. சூட்டை வெளியேற்றும் குழாய்ச் சுருளான காயில் முழுக்கப் புறா இறகும் கடற்கரைப் பிசுபிசுப்பும். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கக் கிளாம்ப் மீட்டர் போட்டேன்: 9.2 ஆம்பியர்.

தார்ப்பாயை அவிழ்த்து, காயிலைக் கழுவி, கூடுதலாக ஏற்றியிருந்த கேஸையும் வெளியே எடுத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். மீட்டர் 7.1 காட்டியது. ரிமோட்டை 25-ல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். முக்கால் மணி நேரத்தில் 'டக்' என்று கம்ப்ரஸர் நின்றது. "இந்தச் சத்தம் கேட்டே எத்தனை நாளாச்சுப்பா" என்றார் அம்மா.

அந்த 2 ஆம்பியர் சின்ன விஷயமில்லை. மணிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரிக்கு எட்டு மணி நேரம் என்றால் மூன்று யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் இருநூறு யூனிட்டை நெருங்கும். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் மிச்சமாவது தனி. நம் ஈபி கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை குறைந்த விலையில் கிடைத்த யூனிட்டுகளுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். 480-ல் நிற்கும் வீட்டுக்கும் 520-ல் நிற்கும் வீட்டுக்கும் பில்லில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏசி அறைக்குள் இருக்கும் சூட்டை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். கொட்ட இடமில்லாவிட்டால் கம்ப்ரஸர் திணறும், ஆம்பியர் ஏறும். அவுட்டோர் யூனிட் மழையைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டது. அதற்குக் குடை வேண்டாம். முன்னால் திறந்த வெளியும், பின்னால் காற்று இழுக்க ஒரு சாண் இடைவெளியும் இருந்தால் போதும்.

உள்ளே ஃபில்டர். இதில் பலரும் ஏமாறுவது எங்கே என்றால், ஃபில்டர் அடைத்தால் ஆம்பியர் ஏறாது. இன்னும் சொன்னால் கொஞ்சம் குறையும். அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் காற்று போதாமல் அறை குளிரவே மாட்டேன் என்கிறது, ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை மூன்று மணி நேரம் இழுக்கிறது. முற்றிப்போனால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டும். மெயின் ரோட்டோரம் வீடு என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். மெக்கானிக்கே தேவையில்லை, பத்து நிமிட வேலை.

கேஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது வண்டியில் பெட்ரோல் தீர்வது போலத் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது: குழாய் இணைக்கும் நட்டில் இருக்கலாம், உப்புக்காற்றில் அரித்த காயிலில் இருக்கலாம். லீக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் வருடா வருடம் 'டாப் அப்' செய்வது பணத்தைக் காற்றில் விடுவதுதான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தீர்களா, குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வாக்குவம் போட்டீர்களா, எடை பார்த்து ஏற்றுகிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். தீப்பிடிக்கும் தன்மை கொஞ்சம் உண்டு, அதனால் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது.

16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. பழைய மாடல் எந்த நம்பரிலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். இன்வெர்ட்டரும் அறை சூடாக இருக்கும்போது தானாகவே வேகமெடுக்கும். 16-ல் அது ஓய்வெடுக்க வழியே இருக்காது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 2020 முதல் ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்குவதும் இதனால்தான். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழல விடுங்கள், நன்றாகவே தூக்கம் வரும். மேல்மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலே தளத்தின் வெக்கை குறைவது தெரியும்.

சந்தேகமிருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். இன்று ராத்திரி ஏசி போடும்போது ஈபி மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் அணைத்ததும் இன்னொன்று. நாளைக்கு ஃபில்டரைக் கழுவி, அவுட்டோர் முன்னால் இருப்பதை நகர்த்திவிட்டு, அதே டிகிரியில் வைத்து, அதேபோல இரண்டு படம்.