கூத்துப் படங்களை இணையத்தில் தேடுவோர் எங்கே தடுமாறுகிறார்கள்?

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றில் விடியும்வரை ஆடப்பட்ட வடமோடிக் கூத்தை (மட்டக்களப்புக் கூத்து வகைகளுள் ஒன்று) இருவர் படமெடுத்து, அவற்றுள் 200 படங்களைத் தெரிந்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பார்க்க வருவோரில் பலர் ஒளியமைப்பின் நயத்தை இரசிக்க வருவதில்லை. அரசனாக ஆடிய தம்பியை, மத்தளம் அடித்த பெரியப்பாவை, முன்வரிசையிலேயே உறங்கிப்போன பிள்ளையைத் தேடி வருகிறார்கள்; சிலர் சுவிஸிலும் கனடாவிலும் இருந்து தேடுகிறார்கள். ஆகவே ஒரு படத்தொகுப்பு நன்றாக அமைந்திருக்கிறதா என்பதை அதன் முகப்பழகை வைத்துச் சொல்லிவிட முடியாது. வந்தவர் தமக்கு வேண்டிய படத்தை எவ்வளவு நேரத்தில், எத்தனை தவறான தொடுகைகளுக்குப் பிறகு கண்டடைந்தார் என்பதே சரியான அளவுகோல்.

தேடல் சிறுபடங்களில் தொடங்குகிறது. ஒரு காட்சியின் பொதுவான தன்மையை, அது கூட்டமா, தனிமுகமா, ஆட்டமா என்பதை, மனிதக் கண் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். ஆனால் சிறுபடத்தில் அந்தத் தன்மை எஞ்சியிருந்தால்தான் இது கைகொடுக்கும். பல மென்பொருள்கள் ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியையும் சதுரமாக வெட்டி அடுக்குகின்றன. 3:2 விகிதப் படமொன்றைச் சதுரமாக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கூத்தாடும் வட்டக்களரியிலோ நடுவில் நிற்பவர் மத்தளத்தோடு கூத்தைப் பழக்கிய அண்ணாவியார், அருகில் தாளமிடும் சல்லரிக்காரர், ஆடுவோர் அவர்களைச் சுற்றி வருகிறார்கள். எனவே களரி முழுவதையும் அகலமாகப் பிடித்த படங்களைச் சதுரமாக வெட்டினால் திரையெங்கும் அண்ணாவியாரே நிறைந்திருப்பார், ஓரங்களில் ஆடுவோர் விடுபட்டுப் போவார்கள். நெடுக்காக எடுத்த படத்தில் அரசனின் முடியும் காற்சதங்கையும் வெட்டுப்பட்டு, யாரென்று அறிய முடியாத ஓர் உடுப்பு மட்டும் மிஞ்சக்கூடும். சதுர அடுக்கு பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கைப் பார்ப்பவரின் நேரத்தைக் கொடுத்தே வாங்குகிறோம். வரிசையின் உயரத்தை ஒன்றாக வைத்து, அகலத்தைப் படத்துக்குப் படம் மாறவிடும் அமைப்பு இத்தகைய தொகுப்புக்கு மிகவும் பொருந்தும்.

அடுத்தது எடை. 12 மெகாபிக்சல் படமொன்றில் 4000×3000 புள்ளிகள் உள்ளன. 1080 புள்ளி அகலமுள்ள கைத்தொலைபேசித் திரையில் அதை முழு அகலத்துக்குக் காட்ட 1080×810 புள்ளிகள் போதும். இது மூலப்படத்தின் பதினான்கில் ஒரு பங்கு மட்டுமே. படமொன்று 4 மெகாபைட் என்று கொண்டால், மூலக் கோப்புகளையே சிறுபடங்களாகச் சுருக்கிக் காட்டும் தளம் 200 படங்களுக்கு 800 மெகாபைட் டேட்டாவை விழுங்கிவிடும்; தனியே தயாரித்த 30 கிலோபைட் சிறுபடங்களானால் மொத்தம் 6 மெகாபைட்டோடு முடியும். இரவுப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜேபெக் முறை படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் பெரிதாகப் பொருட்படுத்தாத நுண்விவரங்களைக் கைவிட்டே கோப்பைச் சிறிதாக்குகிறது. மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்த படத்திலோ கமராவின் உணரி உண்டாக்கும் ‘இரைச்சல்’ எனப்படும் வேண்டாத புள்ளிகள் மணல் தூவினாற்போல் பரவியிருக்கும். கணினிக்கு அதுவும் விவரமே என்பதால், அதே காட்சியின் பகற்படத்தைவிடக் கோப்புப் பெருக்கும். பார்ப்பவரின் பொறுமைக்கும் அறியப்பட்ட எல்லைகள் உண்டு: பயன்பாட்டியல் அறிஞர் யாக்கோப் நீல்சன் 1993 இல் தொகுத்துச் சொன்னபடி, 0.1 விநாடிக்குள் வரும் மறுமொழி உடனடியாகத் தோன்றும். 1 விநாடி வரை சிந்தனை அறுபடாது. 10 விநாடி கடந்தால் கவனம் வேறிடம் போய்விடும். திரையை நெருங்கும் படங்களை மட்டும் அவ்வப்போது இறக்கும் முறை இந்த எல்லைகளுக்குள் நிற்க உதவுகிறது.

அம்முறையைக் கவனமின்றிக் கையாண்டால் வேறொரு தொல்லை முளைக்கும். படத்தின் நீள அகலங்களை முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், உலாவி அதற்கு இடம் ஒதுக்காது. படம் வந்து சேர்ந்ததும் பக்கம் கீழே தள்ளப்பட்டு, விரல் வேறொரு படத்தில் விழும். இதைவிட எரிச்சலூட்டுவது பின்செல்லும் பொத்தான்: 137ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தின் தலைப்புக்கே தூக்கியெறியும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. தொகுப்பை வடிவமைப்பவர் சரிபார்க்க வேண்டிய முதல் விடயம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

வரிசைப்படுத்தலைப் பொறுத்தவரை, கோப்பில் பதிவாகும் நேரம் உதவும். ஆனால் இரு கமராக்களின் கடிகாரங்கள் பொருந்தாவிட்டால் அரசன் வருவதை அறிவிக்கும் கட்டியகாரனின் வரவுக்கு (களரிக்குள் நுழையும் காட்சிக்கு) முன்பே அரசன் வந்துவிடுவான். பார்த்தவர்கள் கூத்தை வரவுகளாகவே நினைவில் வைத்திருப்பதால், முடிவின்றி உருளும் பக்கத்தைவிட ஒவ்வொரு வரவையும் தனிப்பகுதியாக்குவது நல்லது. படக்குறிப்பிலும் கவனம் வேண்டும். ‘கொக்கட்டிச்சோலை’ என்ற ஊர்ப்பெயர் நமக்கு எட்டு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடில் அது 15 குறியீடு. இடம் போதாமல் 12 குறியீட்டில் வெட்டும் மென்பொருள், ஓகாரக் குறியை இழந்த ‘கொக்கட்டிச்ச’ என்பதைக் காட்டும். கோப்பில் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பை, குறிப்பாகச் சிறுவர் படங்களிலிருந்து, ஏற்றுமுன் நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ‘உங்கள் மருமகன் ஆடும் படத்தை எடுத்து அவருக்கு அனுப்புங்கள்’ என்பது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டு, குறுக்கிடாமல் அருகில் இருந்து பார்த்தாலே போதும். நீல்சனும் ஆய்வாளர் தோமஸ் லாண்டவரும் 1993 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவர் ஒரு குறையில் அகப்படும் வாய்ப்புச் சராசரியாக 31 வீதம் என்றால், ஐவரைக் கொண்டு ஏறத்தாழ 85 வீதமான குறைகளைக் கண்டுகொள்ளலாம். ஐவரும் ஒரே வகையினராக இருக்கும்போதே இக்கணக்குப் பொருந்தும். கல்முனைக் கல்லூரி மாணவரும் வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்த அம்மம்மாவும் ஒரே இடத்தில் தடுமாற மாட்டார்கள் என்பதால் இருசாராரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பயன்பாடு எவ்வளவு எளிது என்பதைப் பார்த்தவரிடமே கேட்டு அளக்க ஜோன் புரூக் 1986 இல் உருவாக்கிய பத்துக் கூற்று வினாத்தாளும் உண்டு. அதில் 100க்கு 68 என்பது சராசரி மதிப்பாகக் கொள்ளப்படுகிறது. நம்மூரில் அந்தப் புள்ளியை மட்டும் நம்புவது ஆபத்து: தளத்தைச் செய்தவர் தெரிந்த பிள்ளையென்றால் ‘நல்லா இருக்கு தம்பி’ என்பதற்குக் குறைவாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆகையால் விரல் எங்கே தயங்கியது, எத்தனை தடவை பின்செல்லும் பொத்தானை நாடியது என்பவற்றைக் குறித்துக்கொள்வதே நம்பகமானது. குறைகளைத் திருத்திய பின் மறுசோதனைக்குப் புதியவர்களையே அழைக்க வேண்டும். முதலில் வந்தவர்கள் அதற்குள் வழியைப் பழகியிருப்பார்கள்.