பசுந்தடம்: 'வியா வெர்தே'வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

ரயில் ஓடி ஓய்ந்த பாதைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டு, அவற்றை 'வியா வெர்தே' என்கிறார்கள் ஸ்பெயின்காரர்கள். 1993-இல் தொடங்கிய திட்டம். இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 'வெர்தே' என்றால் பச்சை. 'வியா' லத்தீன் வழி வந்த சொல், வழி என்று பொருள். ஸ்பானியத்தில் ரயில் போகும் இருப்புப்பாதைக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தின் 'கிரீன்வே'யில் பச்சை மட்டும் இருக்கிறது, ரயில் இல்லை.

ரயில் ஏன் முக்கியம்? நீராவி இன்ஜின் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதற்காக மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். அதனால்தான் இன்று சிறுவர்களும் வயதானவர்களும் அங்கே மூச்சு வாங்காமல் மிதிக்க முடிகிறது. ஸ்பெயினின் கிழக்குக் கரையில், பெனிகாசிம், ஒரோபேசா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே மத்தியதரைக் கடலை ஒட்டிப் போகும் ஐந்தரை கிலோமீட்டரில் இதை நேராகவே பார்க்கலாம். ரயிலுக்காகப் பிளந்த செம்பாறை இருபக்கமும் சுவராக நிற்கும். அதைத் தாண்டியதும் பக்கத்திலேயே கடல்.

வடக்கே, ஜிரோனாவிலிருந்து சான் ஃபெலியு துறைமுகம்வரை 1892 முதல் 1969 வரை ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. தண்டவாள இடைவெளி வெறும் 750 மில்லிமீட்டர். உள்ளூர்த் தொழிலான தக்கை அதில்தான் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அந்த வட்டாரத்துக் கத்தலான் மொழியில் அதன் செல்லப்பெயர் 'கரிலெட்', அதாவது சின்ன ரயில். இப்போது அந்தச் சுமார் 40 கிலோமீட்டரும் சைக்கிள் பாதை. பெயர் மட்டும் மாறவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பசுமைவழி' என்றால் சென்னையின் பசுமைவழிச் சாலையும், சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டமும்தான் நினைவுக்கு வரும். 'தடம்' பொருத்தமாக இருக்கிறது. ஒற்றையடித்தடம், வண்டித்தடம் என்று வழியையும் குறிக்கும். 'ரயில் தடம் புரண்டது' என்று தினசரியில் படிக்கும்போது தண்டவாளத்தையும் குறிக்கும். 'வியா'வின் இரண்டு பொருளும் இதில் அப்படியே இருக்கின்றன. பசுமையோடு சேர்ந்தால் பசுந்தடம். பசுந்தாள் உரம் என்று உழவர்கள் சொல்கிறார்களே, அதே புணர்ச்சிதான்.

ரயிலே ஓடாத இடத்தில் புதிதாகப் போட்ட பாதைக்கு இந்தச் சொல் வேண்டாம். அதற்கு மிதிவண்டிப் பாதை என்பதே போதும்.