தீவனத்தில் ஒரு மருந்து, வயிற்றில் ஒரு சாவிக்கொத்து

கோழிக்குப் போட்ட மருந்து கறியில் தங்கி நம் வயிற்றுக்கு வந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறோம். மருந்தை விடுங்கள், அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியா வருவதுதான் பெரிய வம்பு.

1970களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு குடும்பப் பண்ணையில் 300 கோழிக்குஞ்சுகள். பாதிக்குச் சாதாரணத் தீவனம், மீதிக்கு டெட்ராசைக்ளின் என்ற, பாக்டீரியாவை ஒடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து கலந்த தீவனம். நோய்க்காக அல்ல, சிறிதளவு கலந்தால் கோழி சீக்கிரம் எடை போடும் என்று அப்போது எல்லாரும் செய்துவந்ததுதான். ஒரே வாரத்தில், மருந்து தின்ற கோழிகளின் எச்சத்தில் இருந்த குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினைத் தாங்கின. சில மாதங்களில் அந்த வீட்டு மனிதர்களின் மலத்திலும் அதே கதை. அவர்கள் யாரும் டெட்ராசைக்ளின் மாத்திரை போட்டவர்கள் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் இந்த அளவுக்கு இல்லை.

சரி, தீவனத்தில் இருந்தது ஒரே மருந்து. ஆனால் கோழிகளிடம் வளர்ந்த பாக்டீரியா ஆம்பிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற வேறு ஆன்டிபயாடிக்குகளுக்கும் அசரவில்லை. எப்படி? பாக்டீரியாவுக்குள் முதன்மை டிஎன்ஏ தவிர பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையமும் இருக்கும். அது ஒரு சாவிக்கொத்து மாதிரி. டெட்ராசைக்ளினைத் தாங்கும் ஜீனுடன் வேறு மருந்துகளைத் தாங்கும் ஜீன்களும் அதே வளையத்தில் கோத்திருக்கலாம். ஒரு சாவி தேவைப்பட்டால் கொத்தே பிழைத்துக்கொள்ளும். பக்கத்துப் பாக்டீரியாவைத் தொட்டு, வளையத்தை நகலெடுத்துக் கொடுக்கவும் முடியும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆகவே கோழியின் பாக்டீரியா மனிதக் குடலில் நிரந்தரமாகக் குடியேற வேண்டியதில்லை. கொத்தைக் கைமாற்றிவிட்டுச் செத்தாலும் போதும்.

2015இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற ஜீன் பிளாஸ்மிட்டில் இருப்பது தெரிந்தபோது ஆய்வாளர்கள் ஆடிப்போனது இதனால்தான். அது முறியடிப்பது கொலிஸ்டினை. வேறு எதுவும் கேட்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையும் தீவனத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தரவே தடை போட்டது.

லெவியின் பண்ணையிலும் அந்தத் தீவனம் பிறகு நிறுத்தப்பட்டது. ஆறு மாதம் கழித்துச் சோதித்த 10 பேரில் 8 பேரிடம் டெட்ராசைக்ளினைத் தாங்கும் பாக்டீரியா தென்படவில்லை.