காற்றைக் குடித்து வாழும் செடி என்று நம்பி விடாதீர்கள்: வேலூர் வெயிலில் ஏர் பிளான்ட் வளர்ப்போருக்கு

சென்ற கோடையில் சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு காகிதப் பையை என் மேசையின் மீது கவிழ்த்தார். தொட்டாலே நொறுங்கும் நிலையில், மண்ணில்லாமல் வளரும் ஏர் பிளான்ட் செடிகள் ஏழு விழுந்தன. "காற்றையே குடித்து வாழும் என்று சொல்லித்தானே விற்றார்கள்? தண்ணீர் பட்டால் அழுகிவிடும் என்றும் சொன்னார்களே, ஐயா" என்று வருத்தத்தோடு கேட்டார். நான்கு மாதங்கள் அவற்றை வீட்டு வாசலில், ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த ஆகாச கருடன் கிழங்கின் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். ஒரு சொட்டு நீரும் காட்டவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்ணும் நீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியபடியே கொடி விடும் ஆகாச கருடனையும், வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டிய பிறகும் மாதக்கணக்கில் வாடாத கற்றாழையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கிழங்கு துளிர்ப்பது தன் சேமிப்பைத் தின்று. கற்றாழை தாக்குப்பிடிப்பது தன் சோற்றில் உள்ள நீரைக் கொண்டு. ஏர் பிளான்ட் எனப்படும் டில்லான்ட்சியாவின் மெல்லிய இலைகளில் அத்தகைய சேமிப்பு மிகக் குறைவு. இந்தச் செடிகளைப் பொறுத்தவரை, என்னிடம் வருபவர்களுள் அதிகமானோர் ஏமாறுவது பூச்சியாலோ நோயாலோ அல்ல, பெயரால்தான்.

பெயரால் ஏமாறுவது நம்மோடு தொடங்கியதும் அல்ல. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எலியாஸ் டில்லான்ட்ஸ் என்ற தாவரவியலாளர், கடற்பயணத்தின் குமட்டலுக்கு அஞ்சி, சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாகவே நடந்து ஊர் திரும்பினார் என்று ஒரு கதை உண்டு. இந்தச் செடிகளும் நீரை வெறுப்பவை என்று கருதிய, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ், அவர் பெயரையே இவற்றுக்குச் சூட்டினார். உண்மை நேர்மாறானது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த இனத்தில் 600க்கும் மேற்பட்ட சிற்றினங்கள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா வரை, மரக்கிளைகளிலும் பாறைகளிலும், சில சமயம் மின்கம்பிகளிலும்கூட ஒட்டி வளர்கின்றன. அங்கே மழையும் மூடுபனியும் அவற்றை அடிக்கடி நனைக்கின்றன. மாமரத்தில் படரும் புல்லுருவியைப் போல இவை ஒட்டிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேர் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. நீரை உறிஞ்சும் வேலையை இலைகளின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் செய்கின்றன. காய்ந்திருக்கும்போது சாம்பல் பூத்தாற்போலத் தெரியும் இலை, நனைந்ததும் பச்சையாக மாறுவது இந்தச் செதில்கள் நீரை ஏற்றுப் படிந்துவிடுவதால்தான்.

வேலூர்க்காரர்கள் மிகுந்த கவனம் வைக்க வேண்டிய இடமும் இதுவே. நம் வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, அந்த நீரை நாள்தோறும் தெளிக்கும் செடியின் செதில்களின் மீதும் படிகிறது. நாளடைவில் இலை தாகத்தோடு இருந்தும் குடிக்க முடியாத நிலையை அடைகிறது. முறையாகத் தண்ணீர் கொடுத்தும் செடி காய்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எந்தத் தண்ணீர் என்பதைத்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டுள்ள பகுதிகளில் வசிப்போர், போர் தண்ணீரை இந்தச் செடிகளுக்குக் காட்டவே வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்க மனமின்றிச் செடிகளுக்கு ஊற்றும் சிக்கனம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. உப்பைக் கொண்டு கடின நீரை மென்னீராக்கும் கருவியின் நீரும் ஆகாது, அதில் சோடியம் மிகுந்திருக்கும். ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு கொட்டும் மழையை மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்துக்கொண்டால், அதற்கு ஈடான நீர் வேறில்லை. அது தீர்ந்ததும் ஆர்.ஓ. குடிநீரைப் பயன்படுத்தலாம்.

தெளிப்பானால் நாலு முறை தெளித்துவிட்டு நீர் கொடுத்ததாக நினைப்பது போதாது. வாரம் ஒருமுறை இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை செடியை முழுவதும் மூழ்க வைத்து எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வாரம் இருமுறை தேவைப்படும். எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து உதறி, இலைக் கணுக்களில் தேங்கிய நீரை வெளியேற்றி, காற்றோட்டமான நிழலில் கவிழ்த்து வைத்தால், நான்கு மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும். இலைகள் உள்நோக்கிச் சுருண்டு நுனி காய்ந்தால் அது தாகம். அடிப்பகுதி கறுத்து, மெல்ல இழுத்த மாத்திரத்தில் நடு இலைகள் கையோடு வந்துவிட்டால் அது அழுகல். அந்த நிலையில் காப்பாற்ற வழியில்லை.

நீராட்டுவதற்கு உரிய நேரம் காலைதான். கள்ளியையும் அன்னாசியையும் போல இவையும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்குகின்றன. அலுவலகத்திலிருந்து திரும்பி இரவு எட்டு மணிக்குச் செடியை நனைத்தால், அது மூச்சு வாங்கும் நேரத்தில் இலையின் மேல் நீர்ப்படலம் நிற்கும்.

பல சிற்றினங்களைச் சேர்க்க விரும்புவோர், பார்க்க அழகாக இருப்பதை எல்லாம் ஒரே கம்பியில் தொங்கவிடாமல், எது எத்தகைய இடத்திலிருந்து வந்தது என்று பிரித்துக்கொள்வது நல்லது. தொடக்கத்துக்கு அயோனந்தாவைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். சிறியது, பொறுமைசாலி, பூக்கும் காலத்தில் நடு இலைகள் செந்நிறமாகச் சிவக்கும். ஸ்பானிஷ் மாஸ் என்று நர்சரிகளில் விற்கப்படும் அஸ்னியாய்ட்ஸ் வளர்ந்த பின் வேரே இல்லாதது. நம் கோடையில் நாள்தோறும் நனைக்காவிட்டால் வைக்கோல் ஆகிவிடும். பல்போசா, கேப்புட் மெடுசே ஆகிய இரண்டும் அடியில் வெங்காயம் போலப் பருத்தவை. அந்தக் குழிவுக்குள் நீர் புகுந்தால் வெளியேறாது என்பதால், மூழ்க வைக்காமல் தலைகீழாகப் பிடித்து இலைகளை மட்டும் நனைத்து எடுப்பதே பாதுகாப்பு. சீரோகிராபிகா வெள்ளி நிறத்தில் விரிந்து சுருளும் அரசி. வறண்ட இடத்துச் செடியாகையால் நீரைக் குறைத்தே கேட்கும். பெரு, ஈக்வடார் மலைகளைச் சேர்ந்த டெக்டோரம் பனி படர்ந்தது போன்ற பேரழகு. வேலூர் சமவெளியில் அதை மூன்று முறை வளர்த்து மூன்று முறையும் தோற்றிருக்கிறேன். ஏலகிரியில் வீடு உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.

நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் கத்திரி வெயில் எந்தச் சிற்றினத்துக்கும் உகந்ததல்ல. மேற்குச் சுவரின் சூடு படாத, கிழக்கு நோக்கிய சிட் அவுட்டோ, ஐம்பது சதவீத நிழல்வலையின் அடியோ பொருத்தமான இடம். அழகுக்காக விற்கப்படும் கண்ணாடிக் குண்டுகளுக்குள் வைத்து ஜன்னலோரம் தொங்கவிட்டால், மே மாதத்தில் செடி வெந்துவிடும்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்கக் காலத்தில், மோட்டார் சுற்றும் கடையில் கிடைத்த செப்புக் கம்பியால் மூன்று அயோனந்தாக்களை ஒரு மரத்துண்டில் கட்டினேன். பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது. சில வாரங்களில் கம்பி பட்ட இடத்திலிருந்து கறுத்து மூன்றும் போயின. செம்பு இந்தக் குடும்பத்துக்கு நஞ்சு என்பதை அதன் பிறகே படித்தேன். தக்காளிக்கும் மல்லிகைக்கும் அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி பக்கத்தில் தொங்கும் ஏர் பிளான்டின் மேல் சிதறினாலும் இதே கதிதான். ஏ.சி.யிலிருந்து வடியும் நீரையும், அது பெரும்பாலும் செப்புக் குழாய்களை ஒட்டி வழிவது என்பதால், நான் பயன்படுத்தச் சொல்வதில்லை. மீன்பிடி நைலான் நரம்பு மலிவு, ஆபத்தில்லாதது.

வாங்கும்போது சாயம் பூசிய சிவப்பு, நீலச் செடிகளை ஒதுக்கிவிடுங்கள். சாயம் செதில்களை அடைத்துவிடுகிறது. வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து தபால் பொட்டலத்தில் வரவழைக்கும் ஆசை சேகரிப்பாளர் பலருக்கும் உண்டு. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடிகளைக் கொண்டுவர முடியாது. சீரோகிராபிகா, ஹாரிசி போன்றவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. காட்டிலிருந்து பிய்த்து விற்றதால் அருகியவை அவை. ஆகவே, நர்சரியில் வளர்த்தவை என்பதற்குச் சான்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

சேகரிப்பைப் பெருக்கப் பணமும் தேவையில்லை. ஒரு செடி வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்த பின் வாழையைப் போலவே பக்கக்கன்றுகளை ஈன்றுவிட்டு, தாய் மெல்ல மெல்ல ஓய்ந்துபோகும். பூ வாடியதும் செடி செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். கன்று தாயின் பாதி அளவை எட்டிய பிறகு அடியோடு பிடித்துத் திருகினால் தானாகப் பிரியும். பிரியாவிட்டால் இன்னும் காலம் ஆகவில்லை என்று விட்டுவிடுங்கள். பிரிக்காமலே விட்டால் நாலைந்து ஆண்டுகளில் கைப்பந்து போல ஒரு கொத்தாகத் திரளும். சத்துவாச்சாரி ஆசிரியர் இப்போது வைத்திருப்பது ஒரே ஒரு அயோனந்தா. ஞாயிறு காலையில் அதை மழைநீரில் போட்டுவிட்டுச் செய்தித்தாள் படிப்பதாகச் சொன்னார். படித்து முடிக்கும் நேரமும் செடி குடித்து முடிக்கும் நேரமும் சரியாக இருக்கிறதாம்.