டோர்ட்ரெக்ட் மாடுகளுக்கு இத்தாலி வெயில்

லண்டன் நேஷனல் கேலரில டச்சு ஓவியர் ஆல்பர்ட் கைப் 1658-60 வாக்குல வரைஞ்ச ஒரு பெரிய ஆயில் பெயிண்டிங் இருக்கு. ஆத்தோரம் ஒரு குதிரைக்காரர், படுத்து அசைபோடுற மாடுங்க, தூரத்துல மங்கலா மலை, எல்லாத்து மேலயும் மஞ்ச வெயில் படிஞ்சு கிடக்கும். ஆனா கைப் பொறந்ததும் வாழ்ந்ததும் நெதர்லாந்துல இருக்குற டோர்ட்ரெக்ட் ஊர்ல, அங்க சுத்துவட்டாரத்துல மலையே கிடையாது, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தட்டையான மண்ணும் தண்ணியும்தான். அந்த வெயிலும் அந்த ஊரு வெயில் இல்ல, ரோம்ல இருந்துட்டு 1640கள் ஆரம்பத்துல திரும்பி வந்த யான் போத் மாதிரி ஓவியர்கள் கிட்ட இருந்து கைப் எடுத்துக்கிட்டது, அவரு இத்தாலிக்குப் போனதே இல்லைன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க.

அந்த வெயில் எப்படி வேலை செய்யுதுன்னா, சூரியன் கீழ இறங்கும்போது வெளிச்சம் ரொம்ப தூரம் காத்துக்குள்ள வரணும், வழியில நீலம் சிதறிப் போயிடும், மஞ்சளும் ஆரஞ்சும்தான் மிச்சம் வந்து சேரும். காத்துல ஈரம் இருந்தா இன்னும் விசேஷம், அந்தத் துளிங்க வெளிச்சத்த பெரும்பாலும் முன்பக்கமாவே தள்ளும், அதனால சூரியன் இருக்குற திசையப் பாத்தா காத்தே மினுங்கும். கைப் அந்தத் திசையப் பாத்துத்தான் அடிக்கடி வரைவாரு, மாட்டு உடம்பு இருட்டா, முதுகு ஓரத்துல மட்டும் பளிச்சுன்னு ஒரு கோடு. தூரத்து மலைய வெளிறிப் போகவிட்டா போதும், நடுவுல நிறைய காத்து இருக்குன்னு மூளை தானா கணக்குப் போட்டுக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரோட பல மாட்டுப் படங்கள்ல இருக்குற இன்னொரு விஷயம். தட்டை நிலத்துல அடிவானக் கோடு எப்பவும் பாக்குறவங்க கண் உயரத்துலதான் இருக்கும். நாம நின்னு பாத்தா மாட்டு முதுகு அந்தக் கோட்டுக்குக் கீழதான் தெரியும். கைப் மாடுங்களோ கோட்டத் தாண்டி வானத்துல போய் நிக்குது, அப்படின்னா நம்மள புல்லுல உக்கார வச்சுதான் காட்டுறாரு, சாதாரணப் பசு கோயில் சிலை மாதிரி தெரியுறது அதனாலதான்.

கூட்டிச் சொல்றது அவரு மட்டும் இல்ல. அதே காலத்து இன்னொரு டச்சு ஓவியர் ரௌஸ்டால், ஜெர்மனில இருக்குற பென்டைம் கோட்டைய வரைஞ்சப்போ அது நிக்கிற சின்னக் குன்ன பெரிய மலையாவே ஆக்கிட்டாரு. பவுலஸ் பாட்டர்ங்கிற டச்சு ஓவியர் 1647ல மூணு மீட்டருக்கு மேல அகலமா வரைஞ்ச காளை, வேற வேற வயசு மாடுங்களோட உறுப்புகள சேர்த்தது. அதே காலத்து நிஜ டச்சு நாட்டுப்புறம் வேற, 1612ல வத்த வச்ச பீம்ஸ்டர் ஏரி மாதிரி காத்தாலைங்க தண்ணிய இறைச்சு எடுத்த நிலம், ரூலர் வச்சு போட்ட மாதிரி வாய்க்கால். இத ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு துண்டும் உத்துப் பாத்து வரைஞ்சது, சேர்த்த விதம்தான் கற்பனை.

காலமும் தன் பங்குக்கு இந்தப் படங்கள மாத்திடுச்சு. அப்போ விலை கம்மியான நீலம் ஸ்மால்ட், கோபால்ட் கலந்த கண்ணாடிய அரைச்ச தூள். எண்ணெய்ல கிடந்து அதுல இருக்குற பொட்டாசியம் கசிஞ்சு போனா நீலம் சாம்பலாயிடும். பச்சைக்காக நீலத்தோட சேர்த்த, செடியில இருந்து எடுத்த மஞ்ச சாயம் வெளிச்சத்துல வெளுத்துடும், அதனால நிறைய டச்சு படங்கள்ல பச்சை இலை இன்னிக்கு நீலமா நிக்குது. சில படங்கள ஃப்ரேம்ல இருந்து கழட்டினா, வெளிச்சம் படாத அந்த ஓரத்துல மட்டும் பழைய பச்சை இன்னும் ஒளிஞ்சிருக்கும்.