டெல்லியின் குளிர்காலப் புகை: செயற்கைக்கோள் படத்தை எப்படி வாசிப்பது, எப்போது நம்பக்கூடாது

அக்டோபர் பாதி கடந்ததும் டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். பஞ்சாப், ஹரியானா முழுக்க, நெல் அறுவடைக்குப் பின் வயலில் தாளை எரிக்கும் தீயைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் மொய்த்திருக்கும் செயற்கைக்கோள் வரைபடம். புள்ளிகள் நிறைய இருந்தால் பதற்றம். குறைவாக இருந்தால் 'இந்த வருஷம் பரவாயில்லை' என்ற நிம்மதி. ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. அதை நம்பித்தான் குழந்தை மாஸ்க் இல்லாமல் பள்ளிக்குப் போகிறது, தாத்தா விடிகாலை நடைக்குக் கிளம்புகிறார். படத்தில் ஒன்றும் தெரியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு, காற்று சுத்தமாக இருப்பது அதில் ஒன்று மட்டுமே. மற்ற காரணங்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அதே படம் ஒரு நாள் முன்னதாகவே நம்மை எச்சரிக்கும்.

சிவப்புப் புள்ளி சொல்வது

அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் நாசாவின் 'ஃபர்ம்ஸ்' தளத்திலிருந்து எடுக்கப்படுபவை. சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 என்ற மூன்று செயற்கைக்கோள்களில் உள்ள 'வியர்ஸ்' கருவி, அகச்சிவப்புக் கதிரில் தரையைப் பார்த்து, அக்கம்பக்கத்தைவிட மிகவும் சூடாக இருக்கும் இடத்தைத் தீ என்று குறிக்கிறது. ஒரு புள்ளி 375 மீட்டருக்கு 375 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் ஒரு வயல் எரிந்தாலும் ஒரு புள்ளி, ஐந்து வயல் எரிந்தாலும் ஒரு புள்ளி. வரைபடத்தைச் சுருக்கும்போது புள்ளியும் சேர்ந்து சுருங்குவதில்லை. அதனால் மாநிலமே எரிவதுபோல் தெரியும். சுற்றில் வரும் படங்களில் பல, ஏழு நாள் தீயை ஒன்றாகக் கொட்டியவையாகவும் இருக்கும். வருஷம் முழுக்க ஒரே இடத்தில் மாறாமல் நிற்கும் புள்ளி வயலாக இருக்காது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையாகவோ அனல்மின் நிலையமாகவோ இருக்கும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கை வைத்திருப்பது பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'க்ரீம்ஸ்' ஆய்வகம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை மாவட்டவாரியாக எண்ணி வெளியிடுகிறார்கள். பஞ்சாபில் 2020-ல் 83,002 தீ நிகழ்வுகள் பதிவாயின. 2022-ல் 49,922. 2023-ல் 36,663. 2024-ல் 10,909.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் கடப்பது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் நள்ளிரவு ஒன்றரையை ஒட்டியும்தான். நெல் தாளுக்குத் தீ வைத்தால் சில மணி நேரத்தில் எரிந்து அடங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு வைத்த தீ இந்தக் கணக்கில் வராமலே போகலாம். 2024-ல் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா, பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே பகுதியைத் தொடர்ந்து படமெடுக்கும் தென்கொரியாவின் ஜியோ-காம்ப்சாட்-2ஏ படங்களை வைத்து, எரிப்பு பிற்பகலின் பின்பகுதிக்கு நகர்ந்திருப்பதைக் காட்டினார். வைக்கோலை மண்ணில் மடக்கி உழும் இயந்திரங்கள் பரவியதும் உண்மை, எரிப்பு குறைந்திருப்பதும் உண்மை. ஆனால் எண்ணிக்கை விழுந்த அளவுக்குப் புகையும் விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. இதைச் சரிபார்க்கச் சிறந்த வழி எரிந்த நிலத்தின் கருப்புத் தழும்பை அளப்பது. ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 முதல் 20 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கும் சென்டினல்-2 அதற்கு உதவும். தீ அணைந்துபோகும், தழும்பு சில நாளாவது நிற்கும். எண்ணிக்கையோடு எரிந்த பரப்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வெற்றிடம் பூஜ்யம் அல்ல

இரண்டாவது வகைப் படம் தீயைக் காட்டாது, காற்றில் மிதக்கும் துகளைக் காட்டும். சூரிய ஒளி தரைக்கு வரும் வழியில் துகள்கள் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று சொல்லும் எண் ஏ.ஓ.டி. (ஏரோசால் ஆப்டிகல் டெப்த்). அலகு கிடையாது. 0.1 என்றால் நீலவானம். 1-ஐத் தாண்டினால் கனத்த மூட்டம்.

டெல்லிக்கு இது மிகவும் தேவைப்படும் நாளில்தான் கைவிடுகிறது. மேகம் இருந்தால் கணக்கிட முடியாது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் அடர்ந்த பனிமூட்டத்திலும் முடியாது. இன்னும் மோசமானது, புகை மிகவும் கனத்துவிட்டால் கணினி அதை மேகம் என்று நினைத்து அந்த இடத்தை விட்டுவிடும். ஆக, வரைபடத்தில் வண்ணமே இல்லாமல் கிடக்கும் இடம் அன்றைக்கு ஊரிலேயே மோசமான இடமாக இருக்கலாம். தீப்புள்ளிக்கும் இது பொருந்தும். மெல்லிய புகையைத் தாண்டி வெப்பம் தெரியும், மேகத்தையும் அடர்பனியையும் தாண்டித் தெரியாது. மேகமூட்டமான நாளில் 'தீ வெகுவாகக் குறைந்தது' என்று செய்தி வந்தால், அன்றைய இயல்பு நிறப் படத்தைத் திறந்து பஞ்சாப் மேல் வெள்ளை மூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செய்தியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட நாளுக்கு ஒரு மாற்று உண்டு. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி-யின் 'ட்ரோபோமி' கருவி, புறஊதாக் கதிரை உறிஞ்சும் துகள்களுக்கென்று தனியாக ஒரு குறியீடு தருகிறது. புகையும் பாலைவனத் தூசியும் புறஊதாவை உறிஞ்சும், வெண்மேகம் உறிஞ்சாது. அதனால் மேகத்துக்கு மேல் மிதக்கும் புகைகூட இதில் தெரியும். தரையோடு ஒட்டிய புகையை அவ்வளவாகப் பிடிக்காது என்பது இதன் குறை.

ஏ.ஓ.டி. கிடைத்த நாளிலும் அதை நேராக நுண்துகள் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. அது தரையிலிருந்து வான் உச்சிவரை உள்ள மொத்தத் துகள். நாம் சுவாசிப்பது தரையோரத்து இரண்டு மீட்டர். மே மாதத்தில் தார்ப் பாலைவனத் தூசி சில கிலோமீட்டர் உயரம்வரை விரவிக் கிடக்கும். நவம்பரில் அதே அளவு துகள் சில நூறு மீட்டருக்குள் அழுந்திக் கிடக்கும். இரண்டு நாளும் ஏ.ஓ.டி. 1 என்று காட்டினாலும் நவம்பரில் நுரையீரலுக்குள் போவது பல மடங்கு. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போய், உலர்ந்த துகளின் எடை கூடாமலே அதிக ஒளியைத் தடுக்கும். வீட்டில் மாட்டும் மலிவான காற்று அளவிகளும் ஒளிச்சிதறலை வைத்தே கணக்கிடுவதால் பனிக்காலையில் இதே காரணத்தால் மிகைப்படுத்திக் காட்டும். அரசு நிலையக் கருவிகளில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தை நீக்கும் ஏற்பாடு உண்டு.

ஒன்றரை மணிக்கும் ஆறு மணிக்கும் உள்ள தூரம்

பகல் ஒன்றரை மணிக்கு வெயிலில் தரை சூடேறி, காற்று மேலெழுந்து நன்றாகக் கலந்திருக்கும். ஒரு நாளின் துகள் அளவு ஏறக்குறைய மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுவே. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமரும். அதற்குக் கீழே வண்டிப் புகையும் குப்பை எரிப்பும் இரவெல்லாம் சேரும். விடிகாலையில் அந்த மூடி மிகத் தாழ்ந்திருக்கும். வெயில் ஏறி அது உடைய பத்து, பதினொரு மணி ஆகும்.

நம் பழக்கங்களோ விடிகாலையில்தான் குவிகின்றன. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட ஐயப்ப பக்தர்களின் விடியல் குளியல், மார்கழிக் கோலம், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு இருள் பிரியும் முன்னே போவது, ஏழு மணிப் பள்ளிப் பேருந்து. பகல் ஒன்றரை மணிப் படத்தை வைத்து இந்த நேரத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

காற்றுத் தரக் குறியீடும் இந்த இடத்தில் பின்தங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை நான்கு மணிக்கு வெளியிடும் எண் முந்தைய 24 மணி நேரச் சராசரி. பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள்) நேற்று முழுக்க ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராமாக இருந்து, இன்று அதிகாலை மூன்று மணிக்குப் புகை வந்து 300 ஆனதென்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு 24 மணிச் சராசரி சுமார் 107 மட்டும்தான். 'மோசம்' என்று காட்டும் அந்த நேரத்தில் மூக்கில் ஏறுவது 'கடுமை' வகைக்குரிய 300. வாரியத்தின் இணையதளத்தில் நிலையவாரியாக மணிநேர அளவு கிடைக்கும். காலை முடிவுகளுக்கு அதைப் பாருங்கள்.

மாலையில் பத்து நிமிடம்

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடலாம்.

1. மாலை ஐந்து மணிக்கு மேல் ஃபர்ம்ஸ் தளத்தில் 'கடந்த 24 மணி' என்று மட்டும் தேர்ந்தெடுங்கள். செயற்கைக்கோள் கடந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் புள்ளிகள் ஏறிவிடும். அங்கே காட்டும் நேரம் சர்வதேச நேரம். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும், 08:30 என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டு.

2. நாசாவின் 'வேர்ல்ட்வியூ' தளத்தில் அன்றைய இயல்பு நிறப் படத்தைப் பாருங்கள். புகை சாம்பல் கலந்த பழுப்பாக, ஓரம் கரைந்து, கீழே உள்ள நிலம் மங்கலாகத் தெரியும்படி இருக்கும். பனிமூட்டம் பளிச்சென்ற வெண்மை, இமயமலை அடிவாரத்தை ஒட்டி வழவழப்பாகப் படர்ந்திருக்கும்.

3. காற்று வரைபடம் எதிலாவது 925 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் உயரம், புகை பயணம் செய்யும் பாதை. காற்று வடமேற்கிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். சங்ரூர் டெல்லியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 225 கி.மீ., அமிர்தசரஸ் சுமார் 400 கி.மீ. மணிக்கு 15 கி.மீ. வேகமென்றால் சங்ரூர் புகை 15 மணி நேரத்தில் வந்து சேரும். கிழக்குக் காற்று வீசினால் பஞ்சாபில் எத்தனை புள்ளி இருந்தாலும் நமக்கு வராது.

4. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் டெல்லிக்கென்று நடத்தும் முன்னெச்சரிக்கை அறிக்கையில் காற்றோட்டக் குறியீட்டைப் பாருங்கள். 6,000-க்குக் கீழும், காற்றின் வேகம் மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழும் இருந்தால் மாசு கலையாமல் தேங்கும்.

இதில் நான்காவதுதான் முதன்மையானது. நவம்பர் கடைசியில் வயல் தீ ஓய்ந்துவிடும், ஆனால் டெல்லியின் மிக மோசமான நாட்கள் பல டிசம்பர், ஜனவரியில் வருகின்றன. அப்போது வரைபடத்தில் சிவப்பே இருக்காது. வண்டிகள், ஆலைகள், சூளைகள், குப்பை எரிப்பு எல்லாம் அசையாத காற்றில் சேர்ந்து நிற்கும். வண்டிப் புகையின் அடையாளமான நைட்ரஜன் டை ஆக்சைடை ட்ரோபோமி 5.5 க்கு 3.5 கி.மீ. கட்டங்களில் காட்டுகிறது. தெருவைத் தீர்மானிக்க உதவாது. ஒரு மாதச் சராசரியாக எடுத்தால் நகரின் எந்தப் பக்கம் கனத்திருக்கிறது என்று திட்டமிட உதவும். மயூர் விஹாரில் இருப்பவர்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள காஜிப்பூர் குப்பைமேடு புகைந்தால், அது எந்தச் செயற்கைக்கோளிலும் தெரியாமல் போகலாம். பட்பர்கஞ்ச் நிலையத்தின் மணிநேர எண்ணில்தான் தெரியும். கரோல்பாக்வாசிகளுக்குப் பூசா நிலையம், கோல் மார்க்கெட் பக்கம் மந்திர் மார்க், ராமகிருஷ்ணபுரத்துக்கு அங்கேயே ஒன்று உண்டு.

வீட்டுக்குள்

பி.எம். 2.5-க்கு உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி வரம்பு 15 மைக்ரோகிராம், இந்திய வரம்பு 60. நவம்பர் டெல்லி இரண்டையும் நாள்கணக்கில் மீறும். துணி மாஸ்க்கும் அறுவை மாஸ்க்கும் ஓரம் வழியாக விட்டுவிடும். என்95 போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, மூச்சை வேகமாக வெளியே விட்டுப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தாது.

ஏர் பியூரிஃபையர் வாங்குவோர் அறையின் கன அளவைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். 12 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமானால் கருவியின் சுத்தக்காற்று வேகம் (சி.ஏ.டி.ஆர்.) மணிக்கு 205 கன மீட்டராவது இருக்க வேண்டும். இரவில் சத்தம் என்று குறைந்த வேகத்தில் வைத்தால் பெட்டியில் எழுதியுள்ள அளவில் ஒரு பங்குதான் வரும், அதனால் ஒரு அளவு பெரிதாக வாங்குவது நல்லது. மூடிய அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மிளகாய் வற்றல் தாளிப்பு மூன்றும் அளவியை ஓரிரு நிமிடத்தில் ஏற்றிவிடும். சாமி விளக்கு போதும், சாம்பிராணியை இந்த இரண்டு மாதம் விட்டுவிடலாம். ஜன்னலைத் திறப்பதானால் பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் கால் மணி நேரம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் தடுப்பு இன்ஹேலரை மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு தேடக் கூடாது. அக்டோபர் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பார்த்து அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் உங்கள் சிறந்த அளவின் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அடுத்த படிக்குப் போக வேண்டும். 50-க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச மூச்சு போதாவிட்டாலோ உடனே மருத்துவமனை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது என்பதற்காகக் காத்திருக்காதீர்கள், ஆஸ்துமாவில் அந்த எண் கடைசியில்தான் விழும்.

குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் இரவுக் காவலருக்கு மின் ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள். வாயிலில் அவர் குளிருக்கு மூட்டும் கட்டைத் தீயின் முதல் புகை அவர் நுரையீரலுக்கும், அடுத்தது தரைத்தள வீடுகளுக்கும் போகிறது. மார்கழி பஜனையை நடத்துபவர்கள் பி.எம். 2.5-இன் மணிநேர அளவு 120 மைக்ரோகிராமைத் தாண்டிய நாட்களில் முதியோரையும் குழந்தைகளையும் வீதி வலத்திலிருந்து விலக்கி மண்டபத்துக்குள் அமர்த்தலாம், அல்லது வலத்தையே பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இந்த முடிவை முந்தைய மாலையே அறிவித்தால்தான் பயன்.